பயிர் வெளுத்தால் பார்க்கிறோம், தாய் வெளுத்தால்?



கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை, போடியிலிருந்து ஆண்டிபட்டி வரை, வெள்ளாமை செய்கிற குடும்பங்களுக்குப் பயிரின் நோய் தெரியும். வரப்பில் நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும். அடி இலை மஞ்சளாகப் பழுத்திருந்தால், "தழைச்சத்து பத்தலை" என்பீர்கள். இலை ஓரம் கருகினால் சாம்பல்சத்துக் குறை. குருத்து இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று, மற்ற இடமெல்லாம் வெளிறிப் போனால், "இரும்புச்சத்து இல்லை, அன்னபேதி கரைச்சு அடிக்கணும்" என்று உடனே கடைக்குக் கிளம்பிவிடுவீர்கள்.

இப்போது வீட்டுக்குள் வாருங்கள். மூன்று மாதமாக ஒரு குரல் கேட்டுக்கொண்டிருக்கிறது. "ஏங்க, குடத்தைத் தூக்கினா மூச்சு வாங்குது. எந்திரிச்சா கிறுகிறுன்னு வருது." பக்கத்தில் இருக்கிற அத்தை, "மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும். நாங்கல்லாம் பெறலையா?" என்கிறார். பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது.

குருத்து வெளுத்ததற்கு அன்று மாலையே மருந்து. கண்ணின் உள்இமை வெளுத்ததற்கு மூன்று மாதமாக மருந்து இல்லை. பயிருக்கும் நம் உடம்புக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான். அதைத் தெரிந்துகொண்டால் இந்தத் தவறு நடக்காது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரிந்தவர் மற்றவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அணு என்றால் என்ன? தனிமம் என்றால் என்ன?

ஓர் இரும்புக் கம்பியை வெட்டுங்கள். பாதியை மறுபடியும் வெட்டுங்கள். இப்படி வெட்டிக்கொண்டே போனால், 'இதற்குமேல் வெட்டினால் இது இரும்பாக இருக்காது' என்கிற ஓர் இடம் வரும். அந்தக் கடைசித் துணுக்குதான் இரும்பின் அணு. கண்ணுக்குத் தெரியாது. பல லட்சம் அணுக்களை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு தலைமயிரின் பருமன் வரும்.

ஒரே வகை அணுக்களால் ஆன பொருளைத் தனிமம் என்கிறோம். இரும்பு ஒரு தனிமம். செம்பு ஒரு தனிமம். அடுப்புக்கரியில் உள்ள கார்பன், நாம் மூச்சில் இழுக்கும் பிராணவாயுவான ஆக்ஸிஜன் ஆகியவையும் தனிமங்களே. உலகில் இதுவரை 118 தனிமங்கள் அறியப்பட்டிருக்கின்றன. நம் உடம்பு நடக்கச் சுமார் 25 தனிமங்கள் வேண்டும்.

தனிமங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தால் புதுப்பொருள் உண்டாகும். இரண்டு ஹைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்ஸிஜன் அணுவும் சேர்ந்தது தண்ணீர். முல்லைப்பெரியாற்றுத் தண்ணீராக இருந்தாலும், உங்கள் கிணற்றுத் தண்ணீராக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிப்பது என்று நினைக்க வேண்டாம். நீங்கள் தினமும் கையாளுகிற விஷயம்தான். தழைச்சத்து என்று நீங்கள் சொல்வது நைட்ரஜன் என்ற தனிமம். யூரியா மூட்டையில் 46 என்று போட்டிருப்பதன் பொருள், 100 கிலோ யூரியாவில் 46 கிலோ நைட்ரஜன் இருக்கிறது என்பது. மணிச்சத்து பாஸ்பரஸ். சாம்பல்சத்து பொட்டாசியம். இந்த மூன்றும் உங்கள் உடம்பிலும் இருக்கின்றன.

உடம்பின் எடைக் கணக்கு

ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவர் உடம்பைத் தனிமம் தனிமமாகப் பிரித்து எடை போட்டால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

ஆக்ஸிஜன் 32 கிலோ. இதில் பெரும்பகுதி உடம்பிலுள்ள தண்ணீரில் இருக்கிறது.
கார்பன் 9 கிலோ. சோறு, எண்ணெய், பருப்பு எல்லாவற்றிலிருந்தும் வருவது.
ஹைட்ரஜன் 5 கிலோ.
நைட்ரஜன் ஒன்றரை கிலோ. சதையும் தசையும் இதில்லாமல் இல்லை.
கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு.
பாஸ்பரஸ் அரை கிலோ.

மீதி உள்ளவை எல்லாம் சேர்த்தே ஒரு கிலோ, அதற்குச் சற்று மேல் என்றுதான் வரும். இரும்பு எவ்வளவு தெரியுமா? இரண்டரை முதல் மூன்று கிராம். இரண்டு, மூன்று சின்ன ஆணியின் எடை. அயோடின் அதைவிடக் குறைவு. சில கடுகுகளின் எடைதான்.

இவ்வளவு கொஞ்சமா என்று அலட்சியம் செய்யாதீர்கள். மாட்டுவண்டிக்குக் கடையாணி எவ்வளவு சின்னது? அது கழன்றால் வண்டி குடைசாயும்.

இங்கே ஒரு முக்கியமான உண்மை இருக்கிறது. உடம்பு எத்தனையோ பொருள்களைத் தானே செய்துகொள்ளும். சோற்றைக் கொழுப்பாக மாற்றும். பருப்பைத் தசையாக மாற்றும். ஆனால் ஒரு தனிமத்தை இன்னொரு தனிமமாக மாற்ற உடம்பால் முடியாது. பத்து மூட்டை அரிசி சாப்பிட்டாலும் அதிலுள்ள கார்பன் இரும்பாகாது. இரும்பு வேண்டுமானால் இரும்பேதான் உள்ளே போக வேண்டும். வெறும் யூரியாவைக் கொட்டி சாம்பல்சத்துக் குறையைப் போக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியுமே, அதே கணக்குதான்.

இரத்தம் ஏன் சிவப்பு?

நம் மாவட்டத்துச் செம்மண் சிவப்பாக இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள இரும்பு. இரத்தத்தின் சிவப்பிலும் இரும்புக்குப் பங்கு உண்டு. இரத்தத்தில் ஹீமோகுளோபின் என்ற பொருள் இருக்கிறது. ஒவ்வொரு ஹீமோகுளோபினிலும் நான்கு இரும்பு அணுக்கள். நுரையீரலுக்குப் போகும்போது ஒவ்வோர் இரும்பு அணுவும் ஒரு ஜோடி ஆக்ஸிஜன் அணுவைப் பிடித்துக்கொள்கிறது. மூளைக்கும், கைகாலுக்கும், வயிற்றில் உள்ள குழந்தைக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பி வருகிறது. சுமை தூக்கும் ஆள் குறைந்தால் சரக்கு போய்ச் சேருமா? இரும்பு குறைந்தால் பிராணவாயு போய்ச் சேராது. மூச்சு வாங்குவதும், அசதியும், கிறுகிறுப்பும் அதனால்தான்.

இதற்குப் பெயர் இரத்தசோகை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 வயது முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். நம் தெருவில் பத்துப் பெண்கள் நின்றால் ஐந்து பேருக்காவது இருக்கக்கூடும் என்று பொருள். ஊரில் எல்லாரும் வெளுத்திருந்தால் வெளுப்பே இயற்கை என்று தோன்றிவிடும். அத்தை சொன்னதும் அப்படித்தான். அவர் காலத்தில் அவருக்கும் இரத்தசோகை இருந்திருக்கலாம், சோதித்துப் பார்த்தவர் இல்லை.

தாயின் இரும்புக் கணக்கு

உடம்பு இரும்பை வீணாக்குவதில்லை. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்ந்து சாகும். அதிலுள்ள இரும்பை எடுத்து அடுத்த சிவப்பணுவுக்கு உடம்பு கொடுத்துவிடும். ஆகவே சாதாரணமாக ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராம் அளவுதான் வெளியே போகும். மாதவிலக்கு வரும் பெண்ணுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போகும். 100 மில்லி இரத்தம் போனால் சுமார் 40 மில்லிகிராம் இரும்பு அதோடு போகிறது.

கர்ப்பகாலத்தில் என்ன ஆகிறது? குழந்தைக்கு, நஞ்சுக்கு, தாயின் உடம்பில் பெருகும் இரத்தத்துக்கு என்று எல்லாம் சேர்த்துச் சுமார் 1000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். பெண்ணின் சேமிப்பில் பெரும்பாலும் 300 மில்லிகிராம்தான் இருக்கும். பலருக்கு அதுவும் இராது. முந்நூறு ரூபாய் கையில் வைத்துக்கொண்டு ஆயிரம் ரூபாய்ச் செலவில் இறங்குவது போல. மீதியை எங்கிருந்து கொண்டு வருவது?

நம் சாப்பாட்டில் இரும்பு இருக்கிறது. ஆனால் அரிசி, பருப்பு, கீரையில் உள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்குகூட உடம்பில் சேருவதில்லை. அதனால் கர்ப்பகாலத்தில் சாப்பாடு மட்டும் போதாது. மாத்திரை கட்டாயம் வேண்டும். இந்தியாவில் 1970-ஆம் ஆண்டிலிருந்தே அரசு இந்த மாத்திரையை வழங்கி வருகிறது.

இரத்தசோகையோடு பிரசவத்துக்குப் போனால் குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை என்று பல தொல்லை வரலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து இரத்தப்போக்கு. நல்ல இரத்தம் உள்ள தாய் தாங்கக்கூடிய போக்கை, இரத்தம் குறைந்த தாயால் தாங்க முடியாது. பிரசவ வலி வந்த பிறகு இரும்பு கொடுத்து இரத்தத்தைக் கூட்ட நேரம் கிடையாது. கதிர் முற்றின பிறகு அடியுரம் போட்டு என்ன பயன்?

எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். நாக்கு, உள்ளங்கை, நகம் இவற்றையும் பாருங்கள். சிவப்புக் குறைந்து வெளுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். மண், சாம்பல், பச்சரிசி தின்னத் தோன்றுவதும் ஓர் அடையாளம்.

ஆனால் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக இரத்தம் சோதிப்பார்கள். அளவு கிராமில் சொல்லுவார்கள். கர்ப்பிணிக்கு 11-க்குக் குறையக் கூடாது. கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் குறையக் கூடாது. ஆணுக்கு 13. கர்ப்பிணிக்கு 7-க்கும் கீழே இருந்தால் தாமதமே கூடாது, ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினால் மறுக்காமல் போங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் 108-க்குப் போன் செய்யுங்கள்.

'எவ்வளவு இருக்கு?' என்று கேட்டு அந்த எண்ணை இருவரும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பருத்தி விலை, திராட்சை விலை நினைவில் நிற்கிறதே, இது நிற்காதா?

அன்னபேதியும் சிவப்பு மாத்திரையும்

வயலுக்கு அடிக்கிற அன்னபேதி என்ன தெரியுமா? இரும்பும் கந்தகமும் ஆக்ஸிஜனும் சேர்ந்த உப்பு. அரசு தரும் சிவப்பு மாத்திரையில் இருப்பதும் அதே வகை இரும்பு உப்புதான். சித்த மருத்துவத்திலும் சோகைக்கு அன்னபேதிச் செந்தூரம் உண்டு. ஆகவே 'இது என்னமோ இங்கிலீஷ் மருந்து, சூடு' என்று பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. உரக்கடை அன்னபேதியை யாரும் வாயில் போடக் கூடாது. அது சுத்தம் செய்யப்பட்டதல்ல, அளவும் கிடையாது. மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் அளந்து வைத்திருக்கிறார்கள்.

நான்காம் மாதம் தொடங்கி தினம் ஒரு மாத்திரை, குறைந்தது 180 நாள். பிரசவத்துக்குப் பிறகு இன்னும் 180 நாள். இரத்தம் குறைவாக இருந்தால் டாக்டர் கூடுதலாகத் தருவார், அல்லது இரும்பு ஊசி போடுவார்.

சிலருக்கு முதலில் குமட்டும், மலம் இறுகும். இரவு சாப்பாட்டுக்குப் பின் போட்டுப் பாருங்கள். தண்ணீரும் பழமும் கூடுதலாகச் சாப்பிடுங்கள். சில நாளில் உடம்பு பழகிவிடும். மலம் கறுப்பாகப் போவது சேராமல் போன இரும்பின் நிறம். பயம் வேண்டாம்.

"மாத்திரை போட்டா பிள்ளை கறுப்பாப் பிறக்கும்" என்கிறார்களே? பிள்ளையின் நிறம் தாய் தகப்பன் வழியில் வருவது. மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. "பிள்ளை பெருத்து ஆபரேஷன் ஆயிடும்" என்பதும் தவறு.

மாத்திரையைச் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் மேலே வையுங்கள். மிட்டாய் என்று நினைத்துப் பல மாத்திரையை விழுங்கினால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

எதோடு சேர்க்கலாம், எதோடு கூடாது?

சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் இரும்பு இருந்தாலும் பயிருக்குப் பிடிபடாது என்பது பெரிய சம்சாரிகளுக்குத் தெரியும். வயிற்றிலும் அதுபோல் ஒன்று நடக்கிறது. காரணம் வேறானாலும் பாடம் ஒன்றே. சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒன்றாகப் போட்டால் இரும்பு சரியாகச் சேராது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

தேயிலை இன்னொரு தடை. மேகமலையில் விளைந்த நல்ல தேயிலையானாலும் அதிலுள்ள துவர்ப்பு இரும்பைக் கட்டிப் போட்டுவிடும். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காப்பி வேண்டாம்.

உதவி செய்வது புளிப்பு. நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா இவற்றில் உள்ள வைட்டமின் 'சி' இரும்பை உடம்பில் சேர்க்கும். கீரை கடைந்தால் இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். மாத்திரைக்குப் பின் ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொள்ளுங்கள்.

என்ன சாப்பிடலாம்? முருங்கைக்கீரை, அரைக்கீரை, கம்பு, எள், கொள்ளு, பயறு வகை. கம்பங்கூழைப் புளிக்க வைத்துக் குடிப்பது நம் பெரியவர்கள் கண்ட நல்ல முறை. புளித்தால் இரும்பு சுலபமாகச் சேரும். பயறு முளைகட்டினாலும் அப்படியே. கறி சாப்பிடுகிறவர்களுக்குச் சுவரொட்டி, ஆட்டு இரத்தம், மீன் இவற்றிலுள்ள இரும்பு கீரை இரும்பைவிட நன்றாகச் சேரும். புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் சட்டியின் இரும்பும் கொஞ்சம் குழம்பில் இறங்கும்.

நம் ஊர் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் கறுஞ்சிவப்பாக இருப்பதால் இரத்தம் ஊறும் என்று நம்பி மாத்திரையை விட்டுவிடாதீர்கள். திராட்சையில் இரும்பு மிகக் குறைவு. பீட்ரூட்டும் அப்படித்தான். அந்த நிறம் சாயத்தால் வருவது, இரும்பால் வருவதல்ல. பழத்தைப் பழமாகச் சாப்பிடுங்கள்.

வயிற்றில் கொக்கிப்புழு இருந்தால் போட்ட இரும்பெல்லாம் புழுவுக்கே. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கையில் பாதத்தின் வழியாக அது ஏறும். செருப்புப் போடுங்கள், கக்கூஸைப் பயன்படுத்துங்கள். கர்ப்பிணிக்கு நான்காம் மாதத்துக்குப் பின் டாக்டர் சொல்படி புழு மாத்திரை உண்டு.

அணை கட்டிய சுண்ணாம்பு

பென்னிகுயிக் துரை கட்டிய முல்லைப்பெரியாறு அணை 1895-ல் முடிந்தது. அந்த அணையைச் சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் சேர்த்துக் கட்டினார்கள். அந்தச் சுண்ணாம்பில் உள்ள கால்சியமும் உங்கள் எலும்பில் உள்ள கால்சியமும் ஒரே தனிமம். உடம்பின் கால்சியத்தில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது.

வயிற்றில் உள்ள குழந்தை தன் எலும்புக்காகச் சுமார் 30 கிராம் கால்சியத்தைத் தாயிடமிருந்து எடுத்துக்கொள்ளும். அதிலும் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில். தாயின் சாப்பாட்டில் போதாவிட்டால் தாயின் எலும்பிலிருந்து போகும். கேழ்வரகு, பால், மோர், எள், கீரை சேர்த்துக்கொள்ளுங்கள். நர்சம்மா தரும் கால்சியம் மாத்திரையையும் போடுங்கள். கர்ப்பகாலத்தில் வரும் இரத்தக்கொதிப்பைக் குறைக்கவும் அது உதவும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு இதற்கு மாற்று ஆகாது.

அயோடினைப் பற்றி ஒரு வார்த்தை. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பிக்கு அது வேண்டும். கர்ப்பகாலத்தில் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி கெடும். மலைப்பக்கத்து மண்ணில் மழை அடித்து அயோடின் கழுவிப் போயிருக்கும். அதனால்தான் உப்பில் சேர்த்துத் தருகிறார்கள். அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க 2006-ல் நாடு முழுவதும் தடை வந்தது. சமையலுக்குப் பாக்கெட்டில் அயோடின் உப்பு என்று அச்சிட்டதைப் பார்த்து வாங்குங்கள். மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

போலிக் அமிலம் தனிமம் அல்ல. கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்ஸிஜன் சேர்ந்த ஒரு வைட்டமின். குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் முதல் சில வாரத்திலேயே உருவாகிவிடும். தாய்க்குக் கர்ப்பம் என்றே தெரியாத நேரம் அது. ஆகவே பிள்ளை வேண்டும் என்று இருவரும் முடிவு செய்த நாளிலேயே நர்சம்மாவிடம் சொல்லி இந்த மாத்திரையைத் தொடங்கிவிடுவது நல்லது.

நிலத்துக்கு ஓய்வு, தாய்க்கு?

ஒரு கர்ப்பமும் பிரசவமும் முடியும்போது தாயின் உடம்பைவிட்டு அரை கிராமுக்கு மேல் இரும்பு போயிருக்கும். சாப்பாட்டிலிருந்து தினமும் அரை மில்லிகிராம் மிச்சம் பிடித்தாலும், 500 மில்லிகிராம் சேர ஆயிரம் நாள் ஆகும். ஏறக்குறைய மூன்று வருடம். மாத்திரை போட்டால் சீக்கிரம் சேரும். ஆனால் பிள்ளை தவழும்போதே அடுத்தது தங்கிவிட்டால் எந்தச் சேமிப்பும் நிற்காது.

ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் மூன்று வருட இடைவெளி வேண்டும் என்று சொல்வது இதனால்தான். கரும்பு வெட்டிய நிலத்துக்கு உரம் வைக்காமல் மறுதாம்பு விட்டால் என்ன விளையும் என்று உங்களுக்கே தெரியும்.

இடைவெளிக்கு உதவும் சாதனங்களிலும் தனிமங்கள் வேலை செய்கின்றன. திராட்சைக் கொடியின் அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து போர்டோ கலவை அடிக்கிறீர்கள். மயில்துத்தத்தில் வேலை செய்வது செம்பு. காப்பர்-டி வளையத்திலும் செம்புதான் இருக்கிறது. அதன்மேல் சுற்றிய செம்பிலிருந்து மிகமிகச் சிறிய அளவு கருப்பையில் கரைந்துகொண்டே இருக்கும். அது ஆணின் விந்தணுவைச் செயலிழக்கச் செய்யும், கரு உண்டாகாமல் தடுக்கும். காப்பர்-டி 380ஏ என்ற வகை பத்து வருடம் வரை வேலை செய்யும். பிள்ளை வேண்டும் என்றால் எடுத்துவிடலாம். பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளும் போட்டுக்கொள்ளலாம்.

ஒளிக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. காப்பர்-டி போட்ட முதல் சில மாதம் சிலருக்கு மாதவிலக்கில் போக்கு கூடும். இரத்தம் குறைந்தவர்கள் முதலில் அளவைச் சோதித்து, டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

மாலா-என் அட்டையில் 28 மாத்திரை இருக்கும். அதில் 21 கருத்தடை மாத்திரை. மீதி 7 பழுப்பு மாத்திரை எதற்கு என்று பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அந்த ஏழும் இரும்பு மாத்திரை! மாதவிலக்கு நாளில் போகும் இரும்புக்கு ஈடாகத்தான் அது வைக்கப்பட்டிருக்கிறது. தாய்ப்பால் கொடுக்கிறவர்கள் முதல் ஆறு மாதம் மாலா-என் போட வேண்டாம். அவர்களுக்கு வேறு முறைகள் உண்டு. ஆணுறையும், ஆண்களுக்கான தழும்பில்லாத எளிய கருத்தடையும் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்கள் இருவர் விருப்பம்.

வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை

நம் வீடுகளில் எல்லாரும் சாப்பிட்டபின் பானையின் அடியில் மிஞ்சியதைச் சாப்பிடுவது யார்? குழம்பில் கிடந்த கறித்துண்டு யார் தட்டுக்குப் போகிறது? அதிக உரம் கேட்கிற வயலுக்குக் கடைசித் தண்ணீர் பாய்ச்சுகிற சம்சாரி உண்டா?

இன்றிரவே மூன்று காரியம் செய்யுங்கள். மனைவியோடு சேர்ந்து ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். மாத்திரை போட்டாச்சா என்று கேட்டு, தண்ணீர் மொண்டு கொடுங்கள். அடுத்த பரிசோதனைக்குக் கூடவே போங்கள். நர்சம்மாவிடம் பதிவு செய்து, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் கிடைக்கும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் இரும்பு டானிக்கும் பேரீச்சம்பழமும் இருக்கும். அவை தாய்க்காகக் கொடுப்பவை. வந்த விருந்தாளிக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் பங்கு வைத்துவிட வேண்டாம்.

வீட்டில் பெரிய மகள் இருந்தால் பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையைப் போடுகிறாளா என்று கேளுங்கள். அதுவும் இரும்புதான். நாளைக்கு அவளும் ஒரு தாய். சேமிப்பை இப்போதே தொடங்கட்டும்.

நினைவில் வையுங்கள்:

இரும்பை உடம்பு உண்டாக்காது. நாம்தான் கொடுக்க வேண்டும்.
கர்ப்பிணிக்கு 11-க்குக் குறையக் கூடாது.
நான்காம் மாதம் முதல் தினம் ஒரு சிவப்பு மாத்திரை. டீயோடு வேண்டாம், நெல்லிக்காயோடு நல்லது.
இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரம்.
பிள்ளைக்கும் பிள்ளைக்கும் நடுவே மூன்று வருடம்.

சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். 104-க்குப் போன் செய்தும் கேட்கலாம். நாளைக் காலையில் வயலுக்குப் போகும் முன், வீட்டில் உள்ளவரின் கண் இமையை ஒருமுறை பாருங்கள். பயிர் ஒரு போகம் தவறினால் மறுபோகம் உண்டு. தாய் ஒருத்திதான்.